நாவலர் சபையை வசப்படுத்திய வரலாறு

சென்ற தைத் திங்களில் ஆமத்தூரிலே கூடிய நம்மவர் கூட்டத்துக்கு வந்திருந்தோர் ஒரு காட்சியை மறந்திரார். பட்டாசுத் தொழிற்சாலை விபத்திலே தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஒரு நிதி திரட்டக் கருதிப் பெரியோர், அதுபற்றி எடுத்துரைக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்புவித்தனர். இருபது ஆண்டாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிவரும் நாம், நாற்பது பிள்ளைகளை அடக்கும் நமக்கு நானூறு பேரை அடக்குதல் அரிதன்று என்று எண்ணி எழுந்தோம். எழுந்த அளவிலே, தாமதித்து வந்த விருந்தினர் ஒருவரை வரவேற்கச் சரவெடி கொளுத்தினர். அது ஓய்ந்ததும் தேநீர்த் தட்டு வந்தது. தட்டு ஒரு வரிசையைக் கடக்குமுன் இரண்டு கைப்பேசிகள் ஒலித்தன. குழந்தைகள் மேடையைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினர். நாம் குரலை உயர்த்தினோம். கூட்டமும் தன் குரலை உயர்த்தியது. முடிவில் நாம் சினந்து, பள்ளிப் பிள்ளைகளைக் கடிவதுபோல் பெரியோரைக் கடிந்தோம். அதன் பின்னர்க் கேட்போர் ஒருவரும் இலராயினர். அன்று சேர்ந்த தொகை ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புக்கும் போதாததாயிற்று.

அன்றிரவு நமக்கு உறக்கம் வந்திலது. பேச்சுக் கெட்டால் பேசினவனுடைய புகழ்தான் கெடும் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அன்றோ, நாம் சபையை நிறுத்தத் தெரியாத குற்றத்துக்கு, ஒரு பாவமும் அறியாத பிள்ளைகள் அபராதம் செலுத்தினர். கேளாதார் மீது பழிசுமத்தல் எளிது. கேட்கும்படி சொல்லாதவன் தன்னை ஆராய்தல் அரிது. அவ்வாராய்ச்சியிலே புகுந்த நமக்கு, தமிழ் மேடைக்கு முதல் வழிகோலிய பெரியார் ஒருவருடைய வாழ்க்கை நல்ல துணையாயிற்று. அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். மேடையேறப் பயிலும் நம் இளைஞர்க்கும், அவரைப் பயிற்றும் பெற்றோர்க்கும் பயன்படுமென்று கருதி, அவர் சரித்திரத்தை இப்பொருள் பற்றிய அளவிலே ஈண்டு எழுதுகின்றோம்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் நாள் நல்லூரிலே பிறந்தார். தந்தையார் கந்தர், தாயார் சிவகாமி அம்மையார். இளமைப் பெயர் ஆறுமுகம். தந்தையார் தமிழிலே நாடகம் இயற்ற வல்லவர். மகனுக்கு ஒன்பது வயதளவிலே அவர் இறந்தார். ஆதலின் தமையன்மாருடைய ஆதரவிலே வளர்ந்த ஆறுமுகனார், இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். வடமொழியும் பயின்றார். ஆங்கிலம் கற்க யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே சேர்ந்தார். அதன் தலைவரான பீட்டர் பர்சிவல் பாதிரியார் இம்மாணவருடைய அறிவைக் கண்டு, ஏறக்குறைய இருபது வயதிலேயே அவரை அங்கு ஆசிரியராக அமர்த்தினார். கிறிஸ்து வேதத்தைத் தமிழிலே பெயர்க்கும் தம் பெரும்பணிக்கும் அவரையே துணையாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்பின் தமிழ்நடையிலே சென்னையில் ஐயம் எழ, பர்சிவல் அவரையும் உடனழைத்துச் சென்றார். அதனைப் பார்வையிட்ட மகாலிங்கையர் நடை நன்றென்று ஒப்பினார்.

இவ்விடத்து நம் இளைஞர் ஒன்று கருதல் வேண்டும். ஆறுமுகனார் மேடையேறுமுன் பல ஆண்டு பிறர் சொல்வதைக் கேட்டவர். பாதிரிமார் ஞாயிறுதோறும் ஒரு நேரம் குறித்து, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனைப் பகுதி பகுதியாக வகுத்து, கேட்போர் வீட்டுக்குக் கொண்டுபோகத் தக்கதொரு முடிவுரையோடு நிறுத்துவர். அம்முறையை அவர் அண்மையிலிருந்து கண்டார். அவர்தம் கொள்கை அவருக்கு உடன்பாடன்று; அவர்தம் முறையோ உடன்பாடாயிற்று. மாற்றாரிடத்தும் கற்கத்தக்கதைக் கற்றுக்கொள்ளும் மனவிரிவு நாவன்மைக்கு முதற்படி. பகைவனுடைய பேச்சைக் குற்றம் காணவே கேட்பவன் அவனுடைய வெற்றியின் காரணத்தை ஒருநாளும் அறியான்.

அக்காலத்து யாழ்ப்பாணத்துச் சைவரிடையே பிரசங்கம் என்பது எவ்வாறிருந்தது? கோயில்களிலே கந்தபுராணம் முதலியன படிக்கும் வழக்கம் சிறப்புற்றிருந்தது. ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பர். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவர். அது புலமைக்கு நல்விருந்து. ஆயினும் அங்கே நூல் சென்ற வழியே உரையும் செல்லும். கேட்போருடைய அன்றாட வாழ்க்கையில் எழும் ஐயத்தை முன்வைத்து அதற்கு விடைகூறும் ஒழுங்கு அதிலே குறைவு. மிஷன் பாடசாலைகளிலே படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, திருநீறு ஏன், கோயில் ஏன் என்று வினாவினபோது, விடையிறுக்க வல்ல பெற்றோர் சிலரே. வினா தெருவிலே நிற்க, விடை ஏட்டுச் சுவடியிலே கிடந்தது. இரண்டையும் ஒருங்கு சேர்க்க வல்லதொரு வாய் வேண்டியிருந்தது.

அவ்வாய் திறந்த நாள் 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இடம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயில். அன்று ஆறுமுகனாருக்கு வயது இருபத்தைந்து. அன்று தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் அங்கே சைவப் பிரசங்கம் நிகழ்ந்தது. கார்த்திகேய ஐயரும் அவருக்குத் துணையாக நின்று பிரசங்கித்தார். கல்வி, கொல்லாமை, புலாலுண்ணாமை, கள்ளுண்ணாமை, திருநீறு, ஆலய வழிபாடு முதலியன பொருள்களாயின.

வெள்ளிக்கிழமைச் சிவன் கோயில் என்றால் அவ்விடத்து நிலையை நாம் ஊகிக்கலாம். மணியோசையும் மேளமும் உண்டு. வலம்வருவார் இடையறாது வருவர். அருச்சனைத் தட்டேந்தி நிற்பார், நெடுநாள் காணாத உறவினரைக் கண்டு நலம் விசாரிப்பார், குழந்தையை அமர்த்துவார் எனப் பலரும் உண்டு. புதுமுறையாயிற்றே என்று வேடிக்கை பார்க்க வருவார் சிலர்; பாதிரிமார் வழக்கத்தை நம் கோயிலிலே கொணர்ந்தானே என்று முகஞ்சுளிப்பார் சிலர். இவ்வளவுக்கும் நடுவிலே ஒரு தனி மனிதனுடைய குரல் நிற்க வேண்டும். ஒலிபெருக்கி என்பது அக்காலத்தில் இல்லை. நமக்கோ ஒலிபெருக்கி இருந்தும் ஒரு தேநீர்த் தட்டை வெல்ல முடியவில்லை.

அவர் பிரசங்கம் நிலைபெற்றதற்குரிய காரணங்களை அவருடைய வரலாற்றிலிருந்தும் நூல்களிலிருந்தும் நாம் ஆராய்ந்த அளவிலே நான்காக வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, கால நியமம். வாரந்தோறும் ஒரே கிழமை, ஒரே இடம். கேட்பார் பலராயினும் சிலராயினும் அந்நாள் தவறாது பிரசங்கம் உண்டு என்ற நம்பிக்கை ஊராரிடத்தே வேரூன்றியது. முதல் வாரம் வேடிக்கைக்கு வந்தவன், பலமுறை வந்தபின் தனக்கென்று ஓரிடம் பிடித்துக்கொள்வான். சபை ஒருநாளில் உண்டாவதன்று. செடிக்கு நீர்வார்ப்பது போல அதனை வார்த்து வளர்த்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை கூட்டம் கூட்டி, அன்றைக்கே எல்லாரும் அடங்கியிருந்து கேட்க வேண்டுமென்று நாம் எதிர்பார்த்தது, விதையாத நிலத்திலே அறுவடைக்குப் போனதை ஒக்கும்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரு பொருள். கள்ளுண்ணாமையைச் சொல்லத் தொடங்கினால் அதனையே சொல்லி முடித்தல். கவனம் சிதறுதலுக்குப் புறத்து இரைச்சல் மட்டும் காரணமன்று. சொல்லுவோனுடைய பேச்சினுள்ளே இருக்கும் இரைச்சலே பெரிது. நாம் அன்று பேசியதை நினைந்து பார்த்தோம். நிதியைப் பற்றிப் பேச எழுந்தவர், வரவேற்பாகக் கால்மணி நேரம் பலருடைய பெயரை அடுக்கினோம். சங்கத்தின் பழம்பெருமை கூறினோம். தமிழின் தொன்மை கூறினோம். சங்க இலக்கியத்திலே ஈகை என்னும் பொருளைத் தொட்டோம். பிள்ளைகளின் பேச்சு வருவதற்குள் கூட்டத்தார் நம்மை விட்டு வெகுதூரம் போய்விட்டனர். அவர்களைத் தேநீர்த் தட்டு அழைத்துச் சென்றதென்று நாம் எண்ணினோம்; உண்மையிலே நாமே வழியனுப்பி வைத்தோம்.

மூன்றாவது, தெளிந்த வசனம். நாவலர் செய்யுளிலே வல்லவர். ஆயினும் ஊராரிடத்துப் பேசும்போதும், பிள்ளைகளுக்கு எழுதும்போதும் வசனத்தையே கருவியாகக் கொண்டார். பெரியபுராணத்தை வசனமாக எழுதி 1852ஆம் ஆண்டிலே வெளியிட்டார். பிள்ளைகள் படிப்படியாக ஏறிச்செல்லும்படி பாலபாடங்கள் எழுதினார். சைவ சமயத்தை வினாவும் விடையுமாகப் பகுத்துச் சைவ வினாவிடை இயற்றினார். தமிழ் வசனத்திலே காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறியீடுகளைப் பெருக வழங்கினவருள் அவர் முன்னணியில் நின்றவர். இக்குறியீடுகளை நாம் இலக்கணமாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். உண்மையிலே அவை மூச்சின் அடையாளங்கள். எங்கே நிறுத்தினால் கேட்பவன் மனத்திலே பொருள் இறங்குமோ அங்கே நிறுத்தத் தெரிந்தவர்க்கே அவற்றை இடமறிந்து இடவும் தெரியும். வினாவிடை என்னும் அமைப்பும் அத்தன்மையதே. வினாவைக் கேட்ட மனம் விடையை எதிர்நோக்கி நிற்கும். அந்நிற்றலே கவனம். இரைச்சலைக் குரலால் வெல்ல முயல்வதினும் ஒரு நல்ல வினாவால் வெல்லுதல் எளிது.

நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை பதிப்பித்தவர் என்பதையும் இங்கே நினைத்தல் தகும். அந்நூலின் பொதுப்பாயிரம், ஆசிரியன் காலமும் இடமும் அறிந்து, கொள்வோன் எவ்வாறு கொள்வானென்பதையும் அறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டுமென்று விதிக்கின்றது. இவ்விதியைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடம் சொல்லும் நாமே மேடையிலே அதனை மறந்தோமென்றால், கற்றதும் நிற்பதும் வேறுவேறாகின என்பதன்றி வேறென் சொல்வது?

நான்காவது, சொல்லோடு ஒட்டிய வாழ்க்கை. இதுவே மற்றை மூன்றுக்கும் உயிர். ஆறுமுகனார் முதற் பிரசங்கம் செய்தபோது பர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே சம்பளம் பெறும் ஆசிரியர். மாற்றாருடைய சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு நம் சமயத்தைப் பேசுகின்றாரென்று ஒருவன் நினைத்தால், அந்நினைப்பொன்றே அவன் செவியை அடைத்துவிடும். 1848ஆம் ஆண்டிலே அவர் அவ்வுத்தியோகத்தைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இல்லறத்திலும் புகாமல் வாழ்நாள் முழுதும் பிரமசாரியாகவே இருந்து கல்விக்கும் சமயத்துக்கும் உழைத்தார். தனக்கென்று ஒன்றும் வேண்டாதவன் பேச எழுந்தால், இவன் என்ன சொல்லப் போகின்றான் என்று சபை தானே அமைதியுறும்.

வித்தியாசாலை நடத்தப் பொருள் வேண்டும். கேட்டவுடன் அள்ளிக்கொடுப்பார் எவ்வூரிலும் சிலரே. நாவலர் வீடுதோறும் பிடியரிசி திரட்டும் ஏற்பாட்டைச் செய்தார். இதனைப் படித்தபோது நமக்கு மயிர்சிலிர்த்தது. விருதுநகரிலே நம்மவருடைய முயற்சியாலே எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறே பிடியரிசியாலும் மகமையாலும் வளர்ந்ததன்றோ? அப்பள்ளியிலே அமர்ந்து கற்ற பிள்ளைகளுள் ஒருவரே பின்னர்த் தமிழகத்தின் முதலமைச்சராகி, ஊர்தோறும் பள்ளி திறந்து, பசித்த பிள்ளைக்கு மதிய உணவும் அளித்த காமராசர். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கும் தாய்மார் சபையிலே இருந்து கேட்டவராயினும் அல்லராயினும், பேச்சின் பயன் அவர்கள் அடுக்களை வரை சென்றது. அடுக்களை வரை செல்லாத பேச்சு பந்தலோடு நின்றுவிடும்.

1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு அவர் தமிழகம் வந்தார். அப்போது திருவாவடுதுறை ஆதீனத்திலே அவர் பிரசங்கித்தார். வண்ணார்பண்ணைச் சபை வேறு. ஆதீனத்துச் சபை வேறு. முன்னது குடியானவரும் வணிகரும் நிறைந்தது. பின்னது சாத்திரத்திலே முதிர்ந்தோர் நிறைந்தது. இரண்டிடத்தும் அவர் சொல் நின்றது. அவ்வாதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். பெற்றோர் இட்ட பெயரினும் அப்பட்டமே பின் அவருக்குப் பெயராயிற்று. அச்சியந்திரத்தோடு திரும்பி வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவினார். வெள்ளிக்கிழமை கேட்கத் தவறியவனும் தன் வீட்டிலிருந்து படித்தறிய வழி பிறந்தது.

எதிர்ப்பு அவருக்குக் குறைவன்று. சைவத்தைப் பழித்து எழுந்த துண்டுப் பிரசுரங்கள் பல. அவற்றுக்கு விடையாக அவர் 1854ஆம் ஆண்டிலே சைவ தூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். பழிச்சொற்களை வகை வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை கூறும் நூல் அது. இடையிலே ஒருவன் கூவும் கூச்சலுக்கு அவ்விடத்தே மறுகூச்சல் இடுவதை விட, அவன் எழுப்பிய தடையை நன்கு ஆராய்ந்து, ஒழுங்குபட எழுதி, ஊரறிய விடையிறுத்தல் எவ்வளவு பெருந்தன்மை என்பதை இதனால் அறிகின்றோம்.

மாற்றாரை மட்டுமன்றித் தம்மவரையும் அவர் விட்டிலர். கோயில் நடத்துவோர் ஆகமத்துக்கு மாறாக நடந்த இடங்களிலும், கோயிற் பொருளுக்குக் கணக்குக் காட்டாத இடங்களிலும், திருவிழாவிலே தேவதாசியர் கூத்தைப் பெருக்கிய இடங்களிலும் அஞ்சாது இடித்துரைத்தார். தம்மூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றியே அவ்வாறு எழுதினார். இதனாலே பகைத்தார் பலர். மக்கள் விரும்புவதையே சொல்லி அவர்கள் செவியைப் பிடித்து வைத்தல் கூத்தாடுவோனுக்கும் கூடும். விரும்பாததைச் சொல்லியும் கேட்கச் செய்தல் நாவலர்க்கே கூடியது.

1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். 1876ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் கரிசற்காட்டு முதியோர் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அக்காலத்து யாழ்ப்பாணத்தையும் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தின. அப்போது நாவலர் பொருளுடையாரிடத்து இரந்து, கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி, பசித்தார்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். முப்பதாண்டுக் காலம் அவர் சொல்லைக் கேட்டுப் பழகிய ஊர் அப்போது அவர் கேட்டதைக் கொடுத்தது. பேச்சாளன் ஒருவன் தன் சொல்லினால் சேர்க்கும் செல்வம் கைதட்டல் அன்று. ஆபத்திலே அவன் கேட்டால் கொடுப்பார்கள் என்னும் நம்பிக்கையே. அந்நம்பிக்கையை நாம் ஒருநாளிலே பெற முயன்றோம். அவர் முப்பதாண்டு முயன்று பெற்றார்.

இனி, இச்சரித்திரத்தை நம் பத்திரிகையிலே எழுதுங்கால் ஒன்றை மறைத்துச் செல்லுதல் நேர்மையாகாது. நாவலர் சாதி வேற்றுமையை மறுத்தவரல்லர். அதனை நெறியென்றே கொண்டு எழுதியும் ஒழுகியும் வந்தவர். அக்காலத்துக் கோயில்களிலே உட்புக உரிமை மறுக்கப்பட்டோர் பலர். அத்தகையோர்க்கு அவர் வெள்ளிக்கிழமைப் பிரசங்க சபையிலே இடம் ஏது? நம் முன்னோரும் இத்தென்பாண்டி நாட்டிலே பல கோயில் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டவர்களே. கமுதிக் கோயில் வழக்கு 1908ஆம் ஆண்டிலே இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் நமக்கு எதிராகவே முடிந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் தடையுண்ட வகுப்பார் அழைத்துச் செல்லப்பட்ட நன்னாளிலேதான், அவர்களோடு நம்மவர் ஒருவரும் உட்சென்றனர். நாவலர் காலத்தில் நாம் வாழ்ந்திருப்பின், அவர் குரல் மதிலுக்கு அப்பாலிருந்தே நம் செவியில் விழுந்திருக்கும்.

அப்படியாயின் அவரை நாம் ஏன் போற்றுகின்றோம் என்று இளைஞர் ஒருவர் நம்மை வினாவினார். வினா தக்கதே. கிணறு வெட்டினவன் நம்மைத் தீண்ட ஒட்டாதவனாயினும், கிணறு வெட்டும் வித்தையை அவனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். கற்றபின் எல்லார்க்கும் நீர் கிடைக்கும்படி வெட்டலாம். அவர் பாதிரிமாரிடத்து முறையைக் கொண்டு கொள்கையை விட்டாரன்றோ? அவ்வாறே நாமும் அவரிடத்து முறையைக் கொள்வோம். அவர் விட்ட இடத்தை நிரப்புவோம். ஒரு பெரியாருடைய குணத்தைக் கூறிக் குறையை ஒளித்தால், படிக்கும் பிள்ளை ஒருநாள் அதனைத் தானே கண்டறிந்து, நாம் கூறிய குணத்தையும் நம்பாது போகும்.

இவ்வாறு எழுதிவரும்போதே நம் நெஞ்சிலே ஒரு முள் தைத்தது. தைத் திங்கட் கூட்டத்திலே, அந்நிதி யாருக்காகத் திரட்டப்பட்டதோ அக்குடும்பத்துப் பெண்டிர் எங்கே இருந்தனர்? பந்தலிலே நன்கொடையாளர்க்கும் விருந்தினர்க்கும் நாற்காலி இட்டிருந்தது. அவர்களோ பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியிலே, பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றிருந்தனர். சரவெடி வெடித்தபோது அவர்களுள் ஒருத்தி தன் மகனுடைய இரு காதுகளையும் பொத்தினாள். நாம் மேடையிலிருந்து அதனைக் கண்டோம். கண்டும் அப்போது நமக்கு அது பொருளாகத் தோன்றிலது. கூட்டத்தார் நம்மைக் கவனிக்கவில்லையென்று சினந்த நாம், கவனிக்க வேண்டிய ஒருவரை நாமே கவனியாதிருந்தோம். நாவலர் சபைக்கு மதிலிட்ட காலத்தைக் குறைகூறும் நாம், நம் பந்தலுக்கு ஒரு மதிலிட்டிருந்தோம்.

இதனைப் பெரியோரிடம் பணிவோடு தெரிவித்தோம். அவர்கள் மனமுவந்து ஆனித் திங்களிலே மறுமுறை கூட்டம் கூட்டினர். வெடி கொளுத்தல் வேண்டாவென்று முன்னரே முடிவு செய்யப்பட்டது. தேநீர் பேச்சுக்கு முன்னதாகவே வழங்கப்பட்டது. அக்குடும்பத்தார் முன்வரிசையிலே அமர்த்தப்பட்டனர். நாம் எழுந்து, இரைச்சல் அடங்கும் வரை வாய் திறவாமல் நின்றோம். அவ்வாறு நிற்றல் எளிதன்று. ஒரு நிமிஷம் ஒரு நாழிகையாகத் தோன்றியது. பின்னர் வரவேற்பு அடுக்கு ஒன்றுமின்றி, இவ்வாண்டு பள்ளி திறந்தால் இப்பிள்ளைகள் எங்கே போவார்கள் என்னும் வினாவோடு தொடங்கினோம். நடுவே ஒரு கைப்பேசி ஒலித்தது. அதற்குரியவர் நாணி எழுந்து வெளியே செல்லும்வரை நிறுத்தி, முகம் கோணாமல், விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தோம். ஒரு குழந்தை அழுதது. குழந்தை அழுவது இயல்பென்று எண்ணிக் குரலைத் தாழ்த்தினோம். தாழ்த்திய குரலைக் கேட்கக் கூட்டம் தானே தாழ்ந்தது. கால்மணி நேரத்துக்கு மேல் பேசவில்லை. அன்று சேர்ந்த தொகையும், மாதந்தோறும் தருவதாகப் பெண்மக்கள் ஒப்புக்கொண்ட பிடியரிசிப் பணமும் அப்பிள்ளைகள் அனைவருக்கும் இவ்வாண்டுக்குப் போதுமாயின. இது நம் திறமையன்று. அவர்கள் முன்வரிசையில் இருந்ததே முக்காற்பங்கு பேச்சாயிற்று.

நாவலருடைய முடிவையும் கூறி நிறுத்துவோம். 1879ஆம் ஆண்டிலே, இலங்கைச் சட்டசபையிலே தமிழர்க்குரிய இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனே தக்கவரென்று அவர் ஆதரித்து முயன்றார். அவ்வாண்டு ஆடி மாதம் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளிலே, வண்ணார்பண்ணை வித்தியாசாலையிலே அவர் செய்த பிரசங்கமே கடைசிப் பிரசங்கம். பின்னர் உடல் தளர்ந்து, டிசம்பர் மாதம் 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயதும் நிரம்பவில்லை. அந்நாளும் ஒரு வெள்ளிக்கிழமையே.

நம் இளைஞர்காள்! திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓரதிகாரமும், அவையறிதலுக்கு ஓரதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓரதிகாரமும் வகுத்திருத்தலை நோக்குங்கள். சொல்ல வல்லவனாதல் வேறு. சபையை அறிதல் வேறு. அதற்கு அஞ்சாதிருத்தல் வேறு. பேச எழுமுன் மூன்று வினாக்களை உங்களையே கேளுங்கள். நாம் சொல்லப் புகும் ஒரு பொருள் யாது? இதனைக் கேட்பார் வீட்டிலே இன்று எரியும் கவலை யாது? இச்சபையிலே இருக்க வேண்டியவர் யாரேனும் வெளியே நிற்கின்றனரா? இம்மூன்றுக்கும் விடை கண்டு எழுவீராயின், வெடியும் மேளமும் உங்களை வெல்லமாட்டா. பெற்றோரே, வெள்ளிக்கிழமைதோறும் மாலையிலே அரைமணி நேரம் உங்கள் பிள்ளைகளை ஒரு பொருள்பற்றி வீட்டார் முன் பேசச் செய்து, நீங்கள் கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டுப் பழகிய வீட்டிலேதான் சொல்லப் பழகிய பிள்ளை வளரும். அவ்வாறு வளரும் பிள்ளைகளாலே நம் சங்கமும் ஊரும் நாடும் நலம்பெறுவனவாக!